கறுப்பு அங்கியும் வேட்புமனுவும்

கோலார் தங்கவயலில் அரசியல் தலைவர்கள் உருவான இடம் சுரங்க வாசல். தொழிற்சங்கத்தை வளர்த்த கம்யூனிஸ்டு கே.எஸ். வாசன், இந்தியக் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம், மார்க்சிஸ்டு கட்சியின் டி.எஸ். மணி, பின்னாளில் குடியரசுக் கட்சியின் எஸ். இராஜேந்திரன் என அந்த ஊர்த் தமிழர்கள் இன்றும் சொல்லும் பெயர்கள் சங்கத்திலிருந்தோ அம்பேத்கரிய இயக்கத்திலிருந்தோ வந்தவை. நீதிமன்றத்தில் இந்த இயக்கங்களுக்குப் பழகிய பக்கம், குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கும் பக்கம்.

எதிர்ப்பக்கத்தில் அரசுக்காக வாதாடியவரை ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பதைச் சுரங்கத்தின் வரலாறே சொல்லிவிடும். ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் இங்கே தங்கம் தோண்டத் தொடங்கிய பிறகு, தங்கத் திருட்டைத் தடுக்க மைசூர் சமஸ்தானம் தனிச் சுரங்கச் சட்டம் கொண்டுவந்தது. கையில் தங்கம் கலந்த கல் அகப்பட்டால், அது எப்படி வந்தது என்று வைத்திருந்தவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். 1930-இல் தொழிலாளர்கள் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தபோது சுரங்கங்கள் நின்றன. வேலைநிறுத்தம் 21 நாள் நீடித்தது. 1946 நவம்பர் 4 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஆறு பேர் உயிரிழந்தார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் தங்கவயலுக்கென்று தனிக் காவல் மாவட்டமும் தனி எஸ்.பி.யும் தொடர்கின்றன. இப்படிப்பட்ட ஊரில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் என்றால் ஒரு காலத்தில் கம்பெனிக்காகப் பேசியவர்.

அதே நாற்காலி இன்று இந்தியாவில் நாடாளுமன்றம் வரை கொண்டுபோகக்கூடிய நாற்காலியாக மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தின் முகம் உஜ்வல் நிகம். மும்பையில் நடந்த அவருடைய கதை தங்கவயலுக்கு எதற்கு என்று கேட்கலாம். கோலார் மண்ணில் நடந்த ஒரு கொடுமையின் வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது புரியும். முதலில் நிகம்.

மகாராஷ்டிராவின் ஜல்காவில் 1953-இல் பிறந்தவர். தந்தை நீதிபதி. அறிவியல் பட்டம் பெற்று, உள்ளூரிலேயே சட்டம் படித்து, மாவட்ட நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கி, அங்கேயே அரசுத் தரப்பு வழக்கறிஞராகவும் ஆனார். மாவட்ட அரசு வழக்கறிஞரின் நாள் எப்படிப் போகும் என்பது நீதிமன்ற வாசல் ஏறியவர்களுக்குத் தெரியும். அடிதடி, வரப்புத் தகராறு, வரதட்சணைச் சாவு, வாய்தாவுக்கு வராத சாட்சி, தடயவியல் அறிக்கை வராத கொலை வழக்கு. பெரும்பாலோர் அந்த உலகத்திலேயே ஓய்வு பெறுவார்கள்.

நிகமை மும்பைக்குக் கொண்டுவந்தது 1993 மார்ச் 12. அன்று நகரில் அடுத்தடுத்து வெடித்த குண்டுகளில் 257 பேர் இறந்தார்கள். தடா நீதிமன்றத்தில் அந்த வழக்கை நடத்தும் சிறப்பு அரசு வழக்கறிஞராக அவர் நியமிக்கப்பட்டார். ஆர்தர் ரோடு சிறை வளாகத்தில் நடந்த விசாரணை முடியப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2006 செப்டம்பரில் தீர்ப்பு சொல்லத் தொடங்கிய நீதிபதி பி.டி. கோடே, 2007 ஜூலைக்குள் 100 பேருக்குத் தண்டனை விதித்தார். 12 பேருக்குத் தூக்கு, 20 பேருக்கு ஆயுள். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஒரு மாவட்ட வழக்கறிஞர் நாடறிந்த மனிதரானார். குல்ஷன் குமார் கொலை, பிரமோத் மகாஜன் கொலை, கைர்லாஞ்சி படுகொலை, சக்தி மில் பாலியல் வன்கொடுமை என்று மகாராஷ்டிராவை உலுக்கிய வழக்குகளில் அரசின் முதல் தேர்வு அவர்தான்.

பிறகு 2008 நவம்பர் 26-இன் மும்பைத் தாக்குதல். தாக்கியவர்களில் உயிரோடு பிடிபட்ட அஜ்மல் கசாப் மீதான வழக்கு, அதே ஆர்தர் ரோடு சிறைக்குள் நீதிபதி எம்.எல். தஹலியானி முன்னால் நடந்தது. நிகம் நீதிமன்றத்துக்குள் வாதாடியதைப் பார்த்தவர்கள் சிலர். வெளியே வந்து தொலைக்காட்சி மைக்குகளுக்கு முன்னால் அன்றைய விசாரணையை விளக்கியதைப் பார்த்தது நாடு முழுவதும். 2010 மே 3-இல் கசாப் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. மூன்று நாள் கழித்துத் தூக்குத் தண்டனை. அதே தீர்ப்பில் இந்தியர்கள் இருவர் சாட்சியம் போதாது என்று விடுவிக்கப்பட்டார்கள். 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. நவம்பர் 21 காலை எரவாடா சிறையில் கசாப் தூக்கிலிடப்பட்டார்.

அந்த வழக்கை வென்றது எது என்று கேட்டால், பதிவேடுகள் சொல்லும் விடை தெளிவாக இருக்கிறது. ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு நடந்த இளைஞனை ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் எடுத்த படங்கள். காலில் குண்டு பாய்ந்து, ஊன்றுகோலோடு சாட்சிக் கூண்டுக்கு வந்து, எதிரே இருந்தவனை அடையாளம் காட்டிய பத்து வயதுச் சிறுமி. வெறுங்கையோடு அவனைப் பிடித்து நிறுத்தி உயிரை விட்ட உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்பலே. இந்தச் சாட்சியங்களைச் சிதறாமல் கோத்து நீதிமன்றத்தின் முன் வைத்தது நிகமின் திறமை. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டியதில்லை. ஆனால் கோத்தவரின் பெயர் மட்டும் நின்று, சாட்சி சொன்னவர்கள் மறக்கப்படும்போது ஒரு பொதுச் சொத்து தனிமனிதரின் புகழாக மாறிவிடுகிறது.

அந்த மாற்றத்துக்கு நிகமும் துணைபோனார். 2015 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நடந்த பயங்கரவாத எதிர்ப்புக் கருத்தரங்கில் அவர் ஒன்றை ஒப்புக்கொண்டார்: கசாப் சிறையில் பிரியாணி கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை, கசாப் மீது அனுதாபம் உருவாகிக்கொண்டிருந்ததால் அதை உடைக்கத் தானே கட்டிய கதை அது. பல ஆண்டுகள் அந்தப் பிரியாணி தேர்தல் மேடைகளில் பரிமாறப்பட்டிருந்தது. நீதிமன்றத்தின் பொறுப்பாளராக நிற்க வேண்டியவர் பொய்யான ஒரு தகவலை ஊடகத்துக்குக் கொடுத்தார் என்பது சின்ன விஷயம் அல்ல. அடுத்த ஆண்டு, 2016-இல், அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் யாருக்கு வழக்கறிஞர்? போலீசுக்கு அல்ல, ஆளும் கட்சிக்கு அல்ல, பாதிக்கப்பட்டவருக்குக்கூட முழுமையாக அல்ல. 1999-இல் சிவகுமார் எதிர் ஹுகம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற தாகம் அவருக்கு இருக்கக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மை கையில் இருந்தால் அதையும் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். அதற்கு முன்பே, 1995-இல், ஷஹானே வழக்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்களைக் காவல்துறையின் பிடியிலிருந்து பிரிக்கச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். குற்ற நடைமுறைச் சட்டத்தின் 321-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போனது. வழக்கைத் திரும்பப் பெறலாமா என்ற முடிவை அரசிடம் விடாமல் அரசு வழக்கறிஞரின் சொந்த மதிப்பீட்டில் வைத்தது. அரசு சொன்னாலும் முடியாது என்று சொல்லக்கூடியவராக அவர் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு.

நிகமின் பெயரோடு ஊடகங்கள் எப்போதும் சேர்த்துச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: 628 ஆயுள் தண்டனைகள், 37 தூக்குத் தண்டனைகள். கிரிக்கெட் வீரரின் ரன் கணக்கைப் போல அது திரும்பத் திரும்ப அச்சாகிறது. மேல்முறையீட்டில் என்ன ஆனது என்பது அந்தக் கணக்கில் வராது. குண்டுவெடிப்பு வழக்கின் 12 தூக்குகளில் 2013-இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது யாகூப் மேமனுடைய ஒன்றை மட்டும்தான். குல்ஷன் குமார் வழக்கில் 2002-இல் 19 பேரில் 18 பேர் விடுதலையானார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைவதும், ஆதாரம் இல்லாதவர் விடுதலையாவதும் நீதி இயங்கும் முறை. கணக்கு வைத்துப் புகழ் சேர்க்கும் பழக்கத்தில் மட்டும் அவை இழப்பாகத் தெரிகின்றன.

2024 ஏப்ரல் 27 அன்று பாரதிய ஜனதா கட்சி அவரை மும்பை வட மத்தியத் தொகுதியின் வேட்பாளராக அறிவித்தது. இரண்டு முறை அங்கே வென்ற பூனம் மகாஜனுக்கு இடம் மறுக்கப்பட்டது. 2006-இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிரமோத் மகாஜனின் மகள் அவர். அந்தக் கொலை வழக்கில் அரசுக்காக வாதாடியவர் நிகம்.

பிரச்சாரம் சூடு பிடித்ததும் நடக்கக் கூடாதது நடந்தது. மும்பைத் தாக்குதலில் கொல்லப்பட்ட காவல் அதிகாரி ஹேமந்த் கர்கரேயின் உடலில் பாய்ந்த குண்டு கசாப்புடையது அல்ல, ஒரு போலீஸ்காரருடையது, நிகம் அதை மறைத்தார் என்று காங்கிரஸ் தலைவர் விஜய் வடேட்டிவார் குற்றம் சாட்டினார். பா.ஜ.க. கொதித்தெழுந்தது. மூன்று நீதிமன்றங்கள் ஆராய்ந்து முடித்த சாட்சியம் மீண்டும் தேர்தல் மேடையில் கூறுபோடப்பட்டது. வடேட்டிவார் பேசியது பொறுப்பற்ற பேச்சு. ஆனால் அந்த வழக்கின் அரசு வழக்கறிஞர் கட்சிச் சின்னத்தோடு வாக்குக் கேட்டு வந்ததால்தான் அந்தப் பேச்சுக்குக் களம் கிடைத்தது. அவருடைய தகுதியாக முன்வைக்கப்பட்டதே அந்த வழக்குதான். எதிர்க்கட்சி அதைத் தொடாமல் வேறு எதைத் தொடும்?

ஜூன் 4-இல் முடிவு வந்தது. காங்கிரசின் வர்ஷா கெய்க்வாட் 16,514 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

வழக்கறிஞர் தேர்தலில் நின்று தோற்பது நூறு முறை நடந்த கதை. தடுத்து நிறுத்த வேண்டியது அடுத்து வந்தது. வேட்பாளரானபோது ராஜினாமா செய்த வழக்குகளுக்கே, முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள், அதே கட்சி பங்கு வகித்த மாநில அரசு அவரை மறுபடி சிறப்பு அரசு வழக்கறிஞராக்கியது. காங்கிரஸ் எதிர்த்தது, அரசு அசையவில்லை. ஆகஸ்டில் பத்லாபூர் பள்ளிக் குழந்தைகள் வழக்கு, 2025 பிப்ரவரியில் பீட் மாவட்டத்துக் கிராம ஊராட்சித் தலைவர் சந்தோஷ் தேஷ்முக் கொலை வழக்கு ஆகியவையும் அவரிடமே போயின. தேஷ்முக் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் ஓர் அமைச்சருக்கு நெருக்கமானவர். அமைச்சர் பதவியே அதனால் போனது. அரசியல் வாடை அடிக்கும் அப்படிப்பட்ட வழக்கில், ஆளும் கூட்டணிக்காக வாக்குக் கேட்ட ஒருவர் எவ்வளவு நேர்மையாக வாதாடினாலும், வெளியே நிற்பவர் எப்படி நம்புவார்? 2025 ஜூலையில் குடியரசுத் தலைவர் அவரை மாநிலங்களவைக்கு நியமித்தார். வாக்காளர் மறுத்த இடத்துக்கு நியமனம் அவரைக் கொண்டுசேர்த்தது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி வேறு விதமாக எழுகிறது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட அரசு வழக்கறிஞரையே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரத்தில் பூர்வீகம் கொண்ட ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அந்த வழியில் ஏறியவர். 2004-இல் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அரசு வழக்கறிஞராகப் பொறுப்பேற்ற சில மாதங்களில் ஓர் இளம் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். மரண தண்டனை கேட்க மாட்டேன் என்று தேர்தலில் சொன்னதை ஹாரிஸ் காப்பாற்றினார். காவலரின் இறுதிச் சடங்கில் ஹாரிசின் கட்சி செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனே மரண தண்டனை வேண்டும் என்று பேசினார். பத்து ஆண்டு கழித்து, மாநில அட்டர்னி ஜெனரலாக, மரண தண்டனை செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்தவரும் அவர்தான். 2019-இல் அதிபர் வேட்பாளராக முயன்றபோது இரண்டு பக்கத்தவரும் அவருடைய பழைய வழக்குகளைத் தோண்டினார்கள். அங்கே குறைந்தபட்சம் வாக்காளர் அந்தப் பதவியை அரசியல் பதவி என்று தெரிந்தே கொடுக்கிறார். இங்கே நாம் அதை நீதிமன்றத்தின் அங்கம் என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

கர்நாடகத்திலேயே நேர்மாறான ஓர் உதாரணம் இருக்கிறது. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு, தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் தொடுத்த மனுவின் பேரில் 2003 நவம்பரில் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டது. 66 கோடியே 65 லட்ச ரூபாய் சொத்து. காகிதங்களோ மலை போல. சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தவர் உடுப்பிப் பக்கத்து பி.வி. ஆச்சார்யா. பலமுறை கர்நாடகத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். 2011-இல் மீண்டும் அந்தப் பதவி கிடைத்தபோது, இரண்டையும் ஒருவரே வைத்திருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 2012 பிப்ரவரியில் அவர் விட்டது அட்வகேட் ஜெனரல் பதவியை. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி என்ற பெருமையை விட்டுவிட்டு, ஒரே ஒரு வழக்கின் அரசு வழக்கறிஞராக இருக்கத் தீர்மானித்தார். அரசியல் அழுத்தம் தாங்காமல் அதையும் ஆகஸ்டில் துறந்தது வேறு கதை.

அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டின. ஆச்சார்யாவின் இடத்துக்குப் பவானி சிங் வந்தார். 2014 செப்டம்பர் 27-இல் நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். உயர் நீதிமன்ற மேல்முறையீட்டில், உரிய நியமனமே இல்லாமல் பவானி சிங் அரசுக்காக வாதாடினார். 2015 ஏப்ரல் 27-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. எழுத்து மூலம் வாதத்தை வைக்க மறுநாள் வரை அவகாசம் கொடுத்தது. அழைக்கப்பட்டவர் மறுபடியும் ஆச்சார்யா. வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ஒரே நாளில் வாதத்தைத் தாக்கல் செய்தார். மே 11-இல் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பை மீட்டது. வழக்கின் உயிர் ஒரு நியமன உத்தரவில் தொங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களைத் தமிழ்நாடு கவலையோடு பார்த்தது. தங்கவயலும் பார்த்தது, அ.தி.மு.க. வேட்பாளரை வெவ்வேறு தேர்தல்களில் சட்டமன்றத்துக்கு அனுப்பிய கன்னட நாட்டுத் தொகுதி அல்லவா.

இனி கோலார் மண். 2000 மார்ச் 11 அன்று, அப்போது கோலார் மாவட்டத்தில் இருந்த சிந்தாமணி வட்டத்துக் கம்பாலபள்ளியில், தலித் குடும்பத்தினர் இருந்த வீட்டை வெளியே தாழிட்டுத் தீ வைத்தார்கள். ஏழு பேர் வெந்து இறந்தார்கள். நாடே அதிர்ந்தது, தலைவர்கள் வந்து போனார்கள். பிறகு வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். 2006-இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரும் விடுதலை. 2014-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஏழு பேர் எரிந்தது உண்மை. எரித்தது யார் என்பதற்கு நீதிமன்றப் பதிவேட்டில் விடை இல்லை.

நிகமின் பட்டியலில் உள்ள கைர்லாஞ்சியை இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். 2006 செப்டம்பர் 29-இல் பண்டாரா மாவட்டத்தில் போட்மாங்கே என்ற தலித் குடும்பத்தின் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். மகாராஷ்டிரா முழுதும் தலித் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசு நிகமை அனுப்பியது. இரண்டே ஆண்டில் எட்டுப் பேருக்குத் தண்டனை. அதில் ஆறு பேருக்குத் தூக்கு. அந்த வேகமும் அந்தத் திறமையும் கம்பாலபள்ளிக்குக் கிடைத்திருந்தால் என்று ஏங்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு குறை நின்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் நிரூபிக்கப்படவில்லை; சாதிக் கொலை என்று தீர்ப்பு சொல்லவில்லை. 2010-இல் உயர் நீதிமன்றம் தூக்கை 25 ஆண்டு சிறையாகக் குறைத்தது. தூக்குத் தண்டனைக் கணக்கில் சேரும் வழக்கு ஒன்று, நீதியின் கணக்கில் பாதி வழிதான் வந்திருந்தது.

கம்பாலபள்ளி போன்ற வழக்கை நடத்துபவர் யார்? மாவட்ட ஆட்சியர், அமர்வு நீதிபதியைக் கலந்து தயாரிக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்து அரசு தேர்ந்தெடுக்கும் உள்ளூர் வழக்கறிஞர். சட்டம் கேட்கும் தகுதி ஏழு ஆண்டு வழக்கறிஞர் தொழில். ஆட்சி மாறினால் அரசு வழக்கறிஞர்கள் கூண்டோடு மாறுவதைத் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஊரே அறியும். பதவி நீட்டிப்பு கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்று 2004-இல் ஜோஹ்ரிமல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு தலித் சாட்சியைப் பிறழாமல் காப்பாற்ற இரவு பகலாக உழைக்கும் வழக்கறிஞருக்கு எந்த மேல்பதவியும் காத்திருக்கவில்லை. கேமரா வராத வழக்கை வென்று யாரும் மாநிலங்களவைக்குப் போனதில்லை. இந்த அநீதிதான் நிகமின் கதையில் எனக்கு மிகவும் உறுத்துவது. அவருடைய ஆசையில் குற்றம் காண எனக்கு ஒன்றும் இல்லை. எந்தக் குடிமகனும் தேர்தலில் நிற்கலாம்.

பாதிக்கப்பட்டவர்கள் கையில் ஒரு கருவி இருக்கிறது. அதைத் தங்கவயலில் பலரும் அறிந்திருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் நான்காவது விதி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் வழக்கை நடத்தப் பெயர்பெற்ற மூத்த வழக்கறிஞரை நியமிக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கி, பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். விசாரணை தொடங்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். சாட்சிகள் பிறழ்ந்த பிறகு எந்தப் பெரிய வழக்கறிஞர் வந்தும் பயன் குறைவு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இந்த நியமன அமைப்பைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. சிறப்பு அரசு வழக்கறிஞருக்குப் பத்து ஆண்டு அனுபவம், மாநில வழக்குத்தொடர்வு இயக்குநருக்குப் பதினைந்து ஆண்டு என்று 18, 20 ஆகிய பிரிவுகள் எண்ணிச் சொல்கின்றன. கட்சி வேட்பாளராக நின்றவர் எத்தனை ஆண்டு கழித்து அரசு வழக்கறிஞராகலாம் என்பதைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொலை வழக்கில் அரசுக்காக வாதாடலாமா என்பதைப் பற்றியும் இல்லை. ஐந்து ஆண்டு இடைவெளி என்று 18-ஆம் பிரிவில் ஒரு துணைப்பிரிவு சேர்க்க நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா போதும். கோலார் தனித்தொகுதியின் உறுப்பினர் அதைக் கொண்டுவந்தால், கம்பாலபள்ளி அவர் பேச வேண்டிய முதல் உதாரணம்.